கிராமப் பள்ளிகளில் இரசாயனப் பாடம்

சென்னிமலை வட்டாரத்தின் வாழ்வு உழவு, நெசவு என்னும் இரு தொழில்களைத் தாங்கி நிற்பதாகும். போர்வைக்கும் துண்டுக்கும் பெயர் பெற்ற இவ்வூரின் கைத்தறிகளுக்கு வரும் நூல், தறியேறுமுன் சாயத் தொட்டியில் தோய்ந்து எழுகின்றது. சுற்றுப்புறத்துத் தோட்டங்களில் மஞ்சளும் தென்னையும் விளைகின்றன. சாயம் நூலைப் பற்றுவதும், உரம் பயிருக்கு உணவாவதும், சுண்ணாம்பு நீரில் கொதிப்பதும் இரசாயன மாறுதல்களே. இத்தகைய ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு இரசாயனம் எளிய பாடமாக இருக்க வேண்டும் என்றே யாரும் எண்ணுவர். ஆனால் உண்மை அவ்வாறில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர் பலர் அஞ்சி ஒதுங்கும் பாடங்களுள் இரசாயனமும் ஒன்றாக இருந்து வருகின்றது. இன்றைய பாடநூல்கள் இதனை வேதியியல் என வழங்குகின்றன. பெயர் மாறியபோதிலும் அச்சம் மாறவில்லை.

இந்நிலைக்குக் காரணம் யாது, இதனை மாற்றுவதில் கிராம மக்களின் பங்கு யாது என்பவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்து கொள்வது நலம். பாடம் சொல்வது ஆசிரியர் பணி; அதில் ஊரார் தலையிட என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். கிணற்று நீரின் தன்மையை அறியாத ஊர், அந்நீரைக் காத்துக் கொள்ளவும் இயலாது. ஆகவே இது பள்ளிச் சுவருக்குள் அடங்கிவிடும் செய்தி அன்று.

பாடம் கடினமாவது ஏன்?

ஒரு சிட்டிகை உப்பை நீரிலிட்டுக் கலக்குகின்றோம். உப்பு கண்ணுக்கு மறைகின்றது, நீர் கரிக்கின்றது. இது கண்ணாலும் நாவாலும் அறியத் தக்கது. இதற்கு ஆசிரியர் கூறும் விளக்கமோ, கண்ணுக்குத் தெரியாத சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் பிரிந்து நீர் மூலக்கூறுகளால் சூழப்படுகின்றன என்பது. அதன்பின் அதே செய்தியைக் குறியீடுகளாலும் சமன்பாட்டாலும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகின்றார். ஆகக் காணும் பொருள், காணாத நுண்பொருள், எழுதும் குறியீடு என்னும் மூன்று நிலைகளில் மாணவன் ஒரே நேரத்தில் சிந்திக்க வேண்டியிருக்கின்றது. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான்ஸ்டன் என்னும் பேராசிரியர் 1980-களிலும் 1990-களிலும் எழுதிய கட்டுரைகளில் இதனைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். இரசாயனத்தில் தேர்ந்தவர் இம்மூன்று நிலைகளுக்கிடையே எளிதில் சென்று வருவர். புதிதாகக் கற்பவரோ ஒன்றில் நிலைகொள்ளும் முன்னரே மற்றொன்றுக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திகைப்பர்.

நமது வகுப்புகளில் பெரும்பாலும் நேர்வது யாதெனில், முதல் நிலையாகிய காணும் பொருளைக் காட்டாமலேயே மூன்றாம் நிலையாகிய குறியீட்டுக்குத் தாவி விடுவதாகும். அதனால் மாணவன் சமன்பாட்டை மனப்பாடம் செய்கின்றான்; பொருள் விளங்குவதில்லை. நீர் கொதிக்கும்போது எழும் குமிழியில் இருப்பது யாது என்று கேட்டால், நீராவி என்று கூறாமல் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் என்று விடையளிக்கும் மாணவர் பல நாடுகளிலும் உள்ளனர். கட்டை எரிந்தபின் சாம்பல் மட்டுமே எஞ்சுவதால், மீதிப் பொருள் அழிந்துவிட்டது என எண்ணுவோரும் உளர். எரிந்த கரி காற்றுடன் சேர்ந்து கரியமில வாயுவாகச் சென்றது. 12 கிராம் கரி முற்றும் எரிவதற்கு 32 கிராம் ஆக்ஸிஜன் செலவாகி 44 கிராம் கரியமில வாயு உண்டாகின்றது. எதுவும் அழியவில்லை என்பதை அவர்கள் உணர்வதில்லை.

'மோல்' என்னும் அளவும் மாணவரை மயங்க வைப்பதாகும். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இதனை விளக்குவது கடினமன்று. விதையை நாம் எடை போட்டு வாங்குகின்றோம். ஆனால் வயலுக்கு வேண்டியது விதையின் எண்ணிக்கை. ஆயிரம் மணியின் எடை தெரிந்தால், ஒரு கிலோவில் எத்தனை விதை உண்டென்று கணக்கிடலாம். அணுக்களும் மூலக்கூறுகளும் எண்ண முடியாத அளவு நுண்ணியவை. ஆகவே 18 கிராம் நீரை ஒரு மோல் என வைத்துக்கொண்டு, அதிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையை 6,022 என்பதற்குப் பின் 20 சுழிகள் இட்ட எண் என்கின்றனர். எடையைக் கொண்டு எண்ணிக்கையை அறியும் வழியே மோல். இவ்வாறு தொடங்கினால் பிள்ளைகள் அஞ்ச மாட்டார்கள்.

சொற்களால் வரும் இடர்ப்பாடு

தமிழில் இரசாயனம் கற்பிக்கும் முயற்சி நேற்று இன்று தொடங்கியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அவர் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875-ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்தது. 1916-ஆம் ஆண்டில் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தமிழ் விஞ்ஞானச் சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். பாமரரும் உணரும் வகையில் 'திண்ணை இரசாயனம்' என்னும் நூலையும் இராஜாஜி எழுதினார். கொங்கு நாட்டினரான திரு. தி. சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்து தாய்மொழிக் கல்விக்கு ஆக்கம் தந்தார். அவர் அமைத்த தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-ஆம் ஆண்டில் வந்தது. அதன் தலைமைப் பதிப்பாசிரியராக விளங்கிய திரு. பெரியசாமித் தூரனும் ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்தவரே.

இத்துணை உழைப்புக்குப் பின்னும் ஓர் இடர்ப்பாடு நீங்கவில்லை. ஒரே பொருளுக்குத் தலைமுறைதோறும் பெயர் மாறி வந்திருக்கின்றது. பாட்டனார் 'பிராணவாயு' என்று படித்ததைத் தந்தை 'உயிர்வளி' என்று கேட்டார். மகன் 'ஆக்சிஜன்' என்று எழுதுகின்றான். 'திராவகம்' என்று பட்டறையில் வழங்குவது பாடநூலில் 'அமிலம்' ஆகின்றது. 'உப்பு' என்றால் வீட்டில் சமையல் உப்பு. பாடத்திலோ துத்தமும் உப்பு, யூரியா அல்லாத பல உரங்களும் உப்பு. சோடியத்தின் குறியீடு 'நேட்ரியம்' என்னும் இலத்தீன் பெயரிலிருந்தும், இரும்பின் குறியீடு 'பெர்ரம்' என்பதிலிருந்தும் வந்தமையால், அவை தமிழ்ப் பெயரோடும் ஆங்கிலப் பெயரோடும் ஒட்டுவதில்லை. மேனிலை வகுப்பைத் தமிழில் முடித்துக் கல்லூரி செல்லும் மாணவன் எல்லாச் சொற்களையும் ஆங்கிலத்தில் மீண்டும் கற்க நேரிடுகின்றது. பாடத்தை அறிந்திருந்தும் சொல்லறியாமல் பின்தங்கும் கிராமத்துப் பிள்ளைகளின் நிலை இரங்கத்தக்கது.

இதற்குப் பரிகாரம் தமிழைக் கைவிடுவதன்று. வகுப்பறைச் சுவரில் ஒரு பொருளின் பாடநூற் பெயர், வழக்குப் பெயர், ஆங்கிலப் பெயர், குறியீடு ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் எழுதித் தொங்கவிடலாம். துத்தம், மயில்துத்தம், காப்பர் சல்பேட் என்பன எவ்வாறு தொடர்புடையன என்பதை மாணவன் அப்போதுதான் ஐயமின்றி அறிவான். இதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை.

ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கலாமா?

நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே ஆக வேண்டும். இரசாயனமும் அவ்வாறே. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் கல்விக் குழு, முதல் பத்து ஆண்டுப் பள்ளிப் படிப்பில் விஞ்ஞானமும் கணிதமும் யாவருக்கும் கட்டாயமாதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் செய்முறைக்கு 25 மதிப்பெண்ணும் உண்டு. மேனிலை வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10 என வகுக்கப்பட்டுள்ளது. செய்முறைக்கு இடம் அளித்திருப்பது போற்றத்தக்கதே.

எனினும் மதிப்பெண் வேறு, பயிற்சி வேறு. தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னர் மட்டும் ஆய்வுக்கூடத்தைத் திறந்து, வரப்போகும் உப்புகளின் விடைகளை உருப்போடச் செய்யும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. ஆசிரியரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் மூன்றும் ஒரே பாடமாக இருப்பதால், தாவரவியலிலோ விலங்கியலிலோ பட்டம் பெற்றவரும் இரசாயனம் கற்பிக்க நேரிடுகின்றது. ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீர்க் குழாய் இல்லாமலும், கழிவு நீர் செல்ல வழியில்லாமலும் இருந்தால் எந்த ஆசிரியரும் தயங்குவர். கண்ணாடிக் குழாய் உடைந்தால் யார் பொறுப்பு என்னும் அச்சமும் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் பள்ளிகள் பல தம் கருவிகளை இழந்தன. அப்பள்ளிகளுக்கு உதவும் பொருட்டு, எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு விஞ்ஞானம் கற்பிக்கும் முறைகளை யுனெஸ்கோ நிறுவனம் திரட்டியது. அம்முயற்சி விரிந்து 1956-ஆம் ஆண்டில் விஞ்ஞான ஆசிரியர்களுக்கான ஒரு மூலநூலாக வெளிவந்து, பல நாடுகளுக்கும் பயன்பட்டது. விலையுயர்ந்த கருவி இன்றேல் பாடமே இல்லை என்பதற்கில்லை. இன்று பல நாடுகளில் சிற்றளவுச் சோதனை முறையும் வழக்கில் உள்ளது. சோதனைக் குழாய் நிறைய ஊற்றுவதற்கு மாறாக, வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் சொட்டுக் குழாயால் சில துளிகளை மட்டும் சேர்த்துப் பார்ப்பதே அம்முறை. மருந்துச் செலவு குறைகின்றது; ஆபத்தும் கழிவும் குறைகின்றன; ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாலேயே செய்து பார்க்க வாய்ப்புக் கிட்டுகின்றது.

ஊரே ஓர் ஆய்வுக்கூடம்

கருவி வருமளவும் காத்திருக்க வேண்டுவதில்லை. ஈரோட்டு மஞ்சளைக் கொண்டே அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறியலாம். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் அது சிவக்கின்றது. நமது இல்லங்களில் ஆரத்தி நீர் இவ்வாறே உண்டாகின்றது. அந்நீரில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் மீண்டும் மஞ்சளாகின்றது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் காரத்தில் ஒரு நிறமும் அமிலத்தில் மற்றொரு நிறமும் காட்டுவதே இதற்குக் காரணம். மஞ்சள் தோய்த்துலர்த்திய காகிதத் துண்டுகள் கடையில் வாங்கும் காரச் சோதனைத் தாளுக்கு ஈடாகும்.

தென்னைக்குக் குருத்தழுகல் கண்டால் தெளிக்கும் போர்டோக் கலவையை விவசாயிகள் அறிவர். நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பும் சேர்ப்பது ஒரு சதவீதக் கலவை. கலவை சரியாக அமைந்ததா என்று காண, துருவில்லாத இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் நனைத்து எடுப்பது வழக்கம். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். மேலும் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். இரும்பு கரைந்து, கரைசலிலிருந்த தாமிரம் வெளிப்பட்டுப் படிகின்றது. பள்ளியில் 'இடப்பெயர்ச்சி வினை' என்று மாணவன் மனப்பாடம் செய்வது இதுவேயாகும். தந்தை தோட்டத்தில் செய்வதும் மகள் தேர்வில் எழுதுவதும் ஒன்றே என்பதை இருவரும் அறிந்தால் எத்துணைப் பயன்!

சாயத் தொட்டியிலும் பாடம் உண்டு. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. எரிசோடாவும், பட்டறைகளில் 'ஹைட்ரோஸ்' என வழங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் சேர்த்தால், நீலம் மாறி மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் கரைகின்றது. அதில் தோய்த்த நூலை வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டு மீண்டும் நீலமாகி, நூலினுள்ளே கரையாப் பொருளாகத் தங்கிவிடுகின்றது. ஒடுக்கம், ஆக்ஸிகரணம் என்று பாடநூல் கூறும் இரண்டு வினைகளையும் சாயத் தொழிலாளி ஒரு மணி நேரத்தில் கண்முன் காட்டுகின்றார். அனுபவமுள்ள சாயக்காரர் ஒருவரை ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு அழைத்துச் செய்து காட்டச் சொன்னால், தொழிலுக்கும் பெருமை, பாடத்துக்கும் உயிர்.

உரக்கணக்கும் அவ்வாறே. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. மண்வள அட்டையில் கண்ட பரிந்துரைக்கு எத்தனை மூட்டை வேண்டும் எனப் பத்தாம் வகுப்பு மாணவி கணக்கிட்டுத் தரக்கூடும். 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமப் பொருள், பேரூட்டம், நுண்ணூட்டம் எனப் பன்னிரண்டு அளவுகள் குறிக்கப்படுகின்றன. அவ்வட்டை பெட்டியில் கிடப்பதினும், பிள்ளையின் கையில் பாடமாவது மேலன்றோ?

நொய்யல் கற்பிக்கும் பாடம்

இரசாயன அறிவு ஊருக்கு ஏன் வேண்டும் என்பதற்கு நொய்யலே சான்று. சென்னிமலைக்கு அண்மையில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1992-ஆம் ஆண்டில் பயனுக்கு வந்தது. பாசனத்துக்கென எழுந்த அவ்வணையில் திருப்பூர்ச் சாய ஆலைகளின் கழிவு நீர் தேங்கலாயிற்று. நிலமும் கிணறுகளும் கெட்டன. விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். உப்பு நீர் சிறிதும் வெளிவிடாத முறையைப் பின்பற்ற வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாமையால், 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு பக்கம் உழவரின் நிலம், மறுபக்கம் தொழிலாளரின் கூலி. இரு சாராரும் துன்புற்றனர்.

இதிலுள்ள இரசாயனம் எளியது. பருத்தியில் சில வகைச் சாயம் நன்கு பற்றுவதற்குச் சமையல் உப்போ சோடியம் சல்பேட்டோ மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றது. சாயம் துணியில் தங்குகின்றது. உப்போ தங்காமல் கழிவு நீரில் முழுவதும் வெளியேறுகின்றது. சுண்ணாம்பும் படிகாரமும் போன்றவற்றைக் கொண்டு நீரின் நிறத்தைப் போக்கலாம். கரைந்த உப்பைப் போக்க முடியாது. அதற்குச் சவ்வுகளால் வடித்தும் ஆவியாக்கியும் பிரிக்கும் செலவுமிக்க முறைகள் வேண்டும். சோடியம் மிகுந்த நீர் பாயும் நிலத்தில், களிமண்ணைப் பிணைத்திருந்த சுண்ணாம்புச் சத்தின் இடத்தைச் சோடியம் பற்றிக்கொள்கின்றது. மண் இறுகி நீர் இறங்காமற் போகின்றது.

ஆகவே தெளிந்த நீர் நல்ல நீர் எனக் கருதுவது பிழை. நிறமற்ற நீரிலும் உப்பு மிகுந்திருக்கலாம். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும் என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகின்றது. கார அமில நிலை 6.5 முதல் 8.5 வரை இருத்தல் வேண்டும். இவ்வளவுகளைப் பள்ளி மாணவர் சிறு கருவிகளால் அளந்து, கிணறு வாரியாக ஏட்டில் குறித்து வந்தால், நீர் கெடத் தொடங்கும்போதே ஊர் விழித்துக் கொள்ளும். நோய்க்கிருமியையும் நச்சு உலோகத்தையும் இவ்வெளிய சோதனைகள் காட்டமாட்டா. அவற்றுக்கு அரசின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தை நாடுதல் வேண்டும். எதனை எங்கே அறியலாம் என்னும் தெளிவும் கல்வியின் பயனேயாகும்.

பஞ்சாயத்தின் கடமை

1958-ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் தமிழ்நாட்டுக் கிராம மக்கள் பள்ளிகளுக்குக் கட்டடமும் பலகையும் கருவிகளும் தாமாக முன்வந்து வழங்கினர். கல்வி இயக்குநராக இருந்த திரு. நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு ஊக்கமளித்தார். அந்த மரபு நமக்குண்டு. அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில், பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களுள் தொடக்கக் கல்வியும் இடைநிலைக் கல்வியும் இடம்பெற்றுள்ளன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருடன் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. அக்கூட்டங்களில் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்.

1. ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீர், கழிவு நீர் வழி, காற்றோட்டமான சாளரம், மணல் நிரப்பிய வாளி ஆகியவை உள்ளனவா எனக் காண்க.

2. ஆய்வுக்கூடம் மாதத்தில் எத்தனை நாள் திறக்கப்பட்டது என்று கேட்க. இக்கேள்வி குறை காண்பதற்கன்று. ஆசிரியருக்குள்ள தடையை அறிந்து நீக்குவதற்கே.

3. கருவி உடைந்தால் ஆசிரியரோ மாணவரோ ஈடு செய்ய வேண்டியதில்லை என முடிவு செய்து, அதற்கெனச் சிறு தொகை ஒதுக்க வழி தேடுக.

4. ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், மாணவரைக் கொண்டு கிணற்று நீரை அளந்து முடிவைக் கிராம சபையில் படிக்கச் செய்க.

5. பெண் பிள்ளைகள் மேனிலை வகுப்பில் விஞ்ஞானப் பிரிவை எடுக்கத் தயங்கினால், பெற்றோரிடம் எடுத்துரைக்க. வேளாண்மை, மருந்தியல், நெசவுத் தொழில்நுட்பம் ஆகிய படிப்புகளுக்கு இரசாயனமே வாயில்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. ஊற்றின் சூடேறித் தெறிக்கும். ஹைட்ரோஸில் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். பஞ்சாயத்துத் தொட்டியில் இடும் பிளீச்சிங் பவுடரைத் திறந்து வைத்தால் அதன் வீரியம் குறையும். கழிவறை கழுவும் அமிலத்துடன் அது கலந்தால் நச்சு வாயுவாகிய குளோரின் எழும். இவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமன்றித் தொட்டி இயக்குபவரும் துப்புரவுப் பணியாளரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. இரசாயனம் அறியாமையால் உயிருக்கே ஊறு நேரக்கூடும்.

பள்ளிக்கூடத்தின் பாடமும் ஊரின் தொழிலும் தனித்தனியே நிற்கும் வரையில், ஒன்று மனப்பாடமாகவும் மற்றொன்று கைப்பழக்கமாகவும் மட்டுமே இருக்கும். இரண்டும் இணையுமாயின், சாயப்பட்டறையில் உழைப்பவரின் மகன் உப்பைக் குறைத்துச் சாயமேற்றும் வழி காண்பான். உழவரின் மகள் தன் நிலத்து மண்ணை அறிந்து உரமிடச் சொல்வாள். அவ்விணைப்பை ஏற்படுத்துவது ஆசிரியரால் மட்டும் ஆவதன்று. ஊராரும் பஞ்சாயத்தும் கை கொடுத்தால் அது கைகூடும்.